மகளின் படிப்பு எந்தக் கணக்கில் சேரும்?

 

கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரர் இப்பகுதிக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். அவர் வணிகர் என்பதை அவர் சொல்லாமலேயே கடிதம் சொல்லிவிடுகிறது. ஒரு தாளின் நடுவே கோடிட்டு, ஒரு பக்கம் செலவு, மறுபக்கம் வரவு என்று எழுதி அனுப்பியிருக்கிறார். செலவுப் பக்கத்தில் கல்லூரிக் கட்டணம், பேருந்துக் கட்டணம், நூல்கள், உடைகள் என மூன்றாண்டுகளுக்கான தொகை வரிசையாக நிற்கிறது. வரவுப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. அவருடைய மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்களுடன் தேறியிருக்கிறாள். பெண்களை வேலைக்கு அனுப்பும் வழக்கம் தம் குடும்பத்தில் இல்லை என்றும், எனவே இந்தச் செலவு எந்தக் கணக்கில் வரவாகத் திரும்பும் என்றும், அதே தொகையை அவளுடைய நிக்காஹ்வுக்கெனச் சேர்த்து வைப்பதுதானே அறிவுடைமை என்றும் அவர் வினவுகிறார்.

இக்கடிதத்தைப் படித்து நான் சினம் கொள்ளவில்லை. பலர் மனத்துக்குள் போடும் கணக்கை அவர் நாணயமாகத் தாளில் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். அதுமட்டுமன்று, இதே வினாவைப் பெரும் பெரும் பொருளியல் அறிஞர்களும் கேட்டிருக்கிறார்கள். ஒரு நாடு தன் மக்களின் கல்விக்குக் கோடிக்கணக்கில் செலவிடுகிறதே, அது எந்தக் கணக்கில் வரவாகிறது என்று அவர்கள் கேட்டார்கள். விடை தேடும் முயற்சியில் அவர்கள் இடறிய இடங்களும் நம் சகோதரர் இடறிய இடங்களும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே இம்மாதம் அந்தக் கணக்கைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மனிதனின் கல்வியையும் திறமையையும் செல்வமாகக் கருதும் எண்ணம் புதிதன்று. ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் பேரறிஞர் இப்னு கல்தூன், 1377இல் நிறைவு செய்த தமது 'முகத்திமா'வில், மனிதன் ஈட்டும் பொருளுக்கு மனித உழைப்பே மூலம் என்றும், கற்பித்தல் என்பது தொழில்களுள் ஒன்று என்றும் விளக்கியிருக்கிறார். அவருக்கு நான்கு நூற்றாண்டுகள் பிற்பட்ட ஆடம் ஸ்மித், 1776இல் வெளியிட்ட தம் நூலில், ஒருவன் பயிற்சியால் பெற்ற திறமையை இயந்திரங்களோடும் கட்டடங்களோடும் சேர்த்து நாட்டின் நிலை மூலதனத்தில் வைத்து எண்ணினார். எனினும் இதனை ஒரு முறையான ஆய்வுத் துறையாக்கியவர் தியோடர் ஷுல்ட்ஸ் என்ற அமெரிக்கர். வேளாண்மைப் பொருளியலில் ஊறியவரான அவர், 1960இல் அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் தலைவராக ஆற்றிய உரையில், கல்விக்கான செலவை நுகர்வுச் செலவு என்று எழுதிவிடுவது தவறு, அது முதலீடு என்று வாதிட்டார். மனிதரை மூலதனம் என்று அழைப்பது அவர்களைப் பண்டமாக்கிவிடாதா என்று பலர் அன்று முகம் சுளித்தனர். 1979இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருக்குப் பின் இதே துறையில் உழைத்த கேரி பெக்கர் 1992இல் அப்பரிசைப் பெற்றார்.

ஷுல்ட்ஸ் கூறிய ஒன்றை நம் கடிதக்காரச் சகோதரரும் கவனிக்க வேண்டும். கல்வியின் செலவு என்பது கட்டணமும் புத்தகமும் மட்டுமன்று. படிக்கும் ஆண்டுகளில் அந்த மாணவன் வேலைக்குப் போயிருந்தால் ஈட்டியிருக்கக்கூடிய கூலியும் செலவேயாகும். பத்தாம் வகுப்போடு பையனை நிறுத்திக் கடையில் உட்கார வைப்பதும், பதினெட்டு வயதில் வளைகுடா நாட்டுக்கு விமானம் ஏற்றுவதும் நம் ஊர்களில் நடப்பதற்குக் காரணம் இந்த இரண்டாவது செலவுதான். அது எந்த ரசீதிலும் இல்லை. ஆனால் எல்லாப் பெற்றோர் மனத்திலும் உண்டு.

செலவைக் கூட்டுவது எளிது. வரவை அளப்பதுதான் கடினம். 1974இல் ஜேக்கப் மின்சர் என்ற பொருளியலாளர் அதற்கொரு வழி காட்டினார். ஆயிரக்கணக்கான மனிதர்களின் ஊதியத்தையும், அவர்கள் பள்ளியில் கழித்த ஆண்டுகளையும், அவர்களுடைய அனுபவத்தையும் எடுத்துக்கொண்டு, ஓராண்டுக் கல்வி கூடும்போது ஊதியம் எத்தனை விழுக்காடு கூடுகிறது என்று கணக்கிட்டார். அதே முறையைப் பற்றி எத்தனையோ நாடுகளில் கணக்கெடுத்தார்கள். அவற்றையெல்லாம் பல்லாண்டுகளாகத் தொகுத்து வந்த சாக்காரோபுலோஸ் என்பவரும் அவருடைய துணை ஆய்வாளரும் 2018இல் வெளியிட்ட தொகுப்பின்படி, உலகளாவிய சராசரி ஆண்டுக்கு ஏறத்தாழ 9 விழுக்காடு. பெண்களுக்கு இது ஆண்களைவிடச் சற்றுக் கூடுதல் என்பதும் அத்தொகுப்பின் முடிவு.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. அதிகம் படித்தவன் அதிகம் ஈட்டுகிறான் என்பது உண்மையே. அவன் படித்ததால் ஈட்டுகிறானா, அல்லது இயல்பிலேயே கூரிய அறிவுடையவனாகவும் வசதியான வீட்டில் பிறந்தவனாகவும் இருந்ததால் படிக்கவும் செய்தான், ஈட்டவும் செய்தானா? இதைப் பிரித்தறிவது எங்ஙனம்? இவ்வினாவுக்குத் தெளிவானதொரு விடை கிடைத்தது, உலகிலேயே முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் இந்தோனேசியாவில்.

அந்தக் கதையைச் சற்று நின்று கேளுங்கள். 1973இல் எண்ணெய் விலை உலகெங்கும் உயர்ந்தது. எண்ணெய் வளம் கொண்ட இந்தோனேசியாவின் கருவூலத்தில் பணம் குவிந்தது. அன்றைய சுஹார்த்தோ அரசைப் பற்றிக் குறை சொல்ல நிறையவே உண்டு. ஆனால் அந்தப் பணத்தின் ஒரு பகுதி தொடக்கப் பள்ளிகளாக மாறியது என்பதை மறுக்க இயலாது. அதிபரின் ஆணை என்ற பொருளுடைய 'இன்பிரஸ்' என்னும் திட்டத்தின்கீழ், 1973-74 முதல் 1978-79 வரை 61,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகள் எழுப்பப்பட்டன. ஒவ்வொன்றும் மூன்று ஆசிரியர்களும் 120 மாணவர்களும் கொண்ட சிறு பள்ளி. எந்த மாவட்டத்தில் பள்ளிக்குச் செல்லாத பிள்ளைகள் அதிகமோ, அந்த மாவட்டத்துக்கு அதிகப் பள்ளிகள் என்பது விதி. 1973இல் ஏழு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 69 பேர் பள்ளியில் இருந்தனர். 1978இல் 83 பேர் இருந்தனர்.

எஸ்தர் டஃப்லோ என்ற பிரெஞ்சு நாட்டுப் பெண்மணி, பின்னாளில் 2019இல் நோபல் பரிசு பெற்றவர், இந்தத் திட்டத்தில் ஓர் இயற்கையான தராசைக் கண்டார். அதை எளிமையாகச் சொல்கிறேன். ஒரு கிராமத்தில் இரண்டு சகோதரர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 1974இல் அங்கே பள்ளி திறக்கும்போது அண்ணனுக்கு வயது பதினான்கு. தம்பிக்கு வயது நான்கு. தொடக்கப் பள்ளி வயதை அண்ணன் கடந்துவிட்டான். தம்பிக்கோ பள்ளி வாசல் காத்திருக்கிறது. இருவரும் ஒரே தாயின் பிள்ளைகள். அறிவிலும் வசதியிலும் பெரிய வேற்றுமை இல்லை. வேற்றுமை பிறந்த ஆண்டு ஒன்றுதான். இத்தகைய அண்ணன்மாரையும் தம்பிமாரையும், பள்ளிகள் மிகுதியாகக் கட்டப்பட்ட மாவட்டங்களிலும் குறைவாகக் கட்டப்பட்ட மாவட்டங்களிலும் அவர் ஒப்பிட்டார். நாட்டின் பொது வளர்ச்சியால் எல்லாத் தம்பிகளுக்கும் கிடைத்த முன்னேற்றத்தைக் கழித்துவிட்டு, பள்ளியால் மட்டும் விளைந்ததைத் தனியே எடுத்தார்.

2001இல் அவர் வெளியிட்ட முடிவு இது. ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி கூடுதலாகக் கட்டப்பட்ட இடத்தில், சராசரிக் கல்வி 0.12 முதல் 0.19 ஆண்டு வரை கூடியது. வளர்ந்தபின் ஊதியம் 1.5 முதல் 2.7 விழுக்காடு வரை கூடியது. இதிலிருந்து ஓராண்டுக் கல்வியின் பலன் ஊதியத்தில் 6.8 முதல் 10.6 விழுக்காடு என்று கணிக்கப்பட்டது. கூர்ந்த அறிவும் வசதியும்தான் எல்லாம், பள்ளி வெறும் அடையாளச் சீட்டு என்று வாதிட்டவர்களுக்கு இது தக்க பதிலாயிற்று. பள்ளிக்கூடமே தன் பங்குக்கு மனிதனின் உழைப்பின் மதிப்பை உயர்த்துகிறது.

இத்துடன் நிறுத்திவிட்டால் கடிதக்காரச் சகோதரர் மகிழ மாட்டார். "இவையெல்லாம் கூலி வாங்கும் ஆண்பிள்ளைகளின் கணக்கு, என் மகளுக்கு இதில் என்ன இடம்?" என்பார். அவர் கேட்பது நியாயமே. டஃப்லோ அன்று எடுத்த கணக்கு ஆண்களைப் பற்றியதுதான். கூலியை அளவுகோலாகக் கொண்ட எல்லா முறைகளிலும் இந்தக் குறை உண்டு. உலக வங்கி 2018இல் நாடுகளின் செல்வத்தைக் கணக்கிட்டபோது, ஒவ்வொருவரும் தம் வாழ்நாளில் இனி ஈட்டப்போகும் வருமானத்தைக் கூட்டி அதையே மனித மூலதனம் என்று வைத்தது. அவ்வகையில் உலகின் மொத்தச் செல்வத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மனித மூலதனமே என்று வந்தது. எண்ணெய்க் கிணறுகளும் சுரங்கங்களும் தொழிற்சாலைகளும் சேர்ந்தும் மனிதனுக்கு ஈடாகவில்லை. மிக நல்ல செய்தி. ஆனால் அந்த மனித மூலதனத்தில் பெண்களின் பங்கு நூற்றுக்கு 40கூட இல்லை என்றும் அதே கணக்கு சொன்னது. பெண்கள் அறிவிலோ உழைப்பிலோ குறைந்தவர்கள் என்பது இதன் பொருளன்று. அவர்களுடைய உழைப்பில் பெரும்பகுதிக்குக் கூலி இல்லை. கூலி இல்லாததைக் கூலியால் அளக்கும் தராசு காட்டுவதில்லை, அவ்வளவே.

நம் சகோதரரின் தாளில் வரவுப் பக்கம் வெறுமையாக இருப்பதற்கும் காரணம் இதுதான். அவர் தம் மகளைக் குறைத்து மதிப்பிடவில்லை. அவர் கையிலுள்ள தராசு அப்படி.

இப்போது வேறொரு தராசைப் பார்ப்போம். 1979இல் ஜான் கால்டுவெல் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர், நைஜீரியாவின் இபாதான் நகரத்தை மையமாகக் கொண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். குழந்தைகள் ஏன் சில வீடுகளில் அதிகமாக இறக்கின்றன, சில வீடுகளில் ஏன் குறைவாக இறக்கின்றன என்பது அவர் எழுப்பிய வினா. தந்தையின் தொழில், படிப்பு, வாழுமிடம் முதலியவற்றையெல்லாம் நிறுத்துப் பார்த்தும், அவற்றையெல்லாம்விட வலிமையாக நின்றது தாயின் கல்வி. படித்த தாய் காய்ச்சலைக் காலத்தில் கண்டுகொள்கிறாள். மருத்துவரிடம் தயங்காமல் வினவுகிறாள். மருந்துச் சீட்டைப் படிக்கிறாள். வீட்டில் பெரியவர்கள் 'பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடும்போது 'இல்லை, இன்றே போக வேண்டும்' என்று சொல்லும் துணிவு அவளுக்கு இருக்கிறது. நம் வீடுகளில் இந்தக் கடைசிச் செய்தியின் பொருள் எல்லா மருமகள்களுக்கும் விளங்கும்.

அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2010இல், 'லான்செட்' மருத்துவ இதழில் 175 நாடுகளைப் பற்றியதோர் ஆய்வு வெளியாயிற்று. 1970இல் இருந்ததைவிட 2009இல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரணம் 82 லட்சம் குறைந்திருந்தது. அந்த 82 லட்சத்தில் 42 லட்சம், அதாவது பாதிக்கும் சற்று அதிகம், பெண்களின் கல்வி கூடியதன் விளைவு என்று அந்த ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். தடுப்பூசியும் மருந்தும் செல்வமும் சேர்ந்து மறுபாதி. இந்தத் தாய்மாரில் மிகப் பலர் எந்த அலுவலகத்துக்கும் சென்றவர்கள் அல்லர். அவர்களுடைய பெயருக்கு எதிரே எந்த ஊதியப் பட்டியலிலும் தொகை இல்லை. வரவுப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று கேட்ட சகோதரர், முதல் வரியாக இதை எழுதிக்கொள்ளலாம்.

இரண்டாவது வரியும் உண்டு. அதற்கு மீண்டும் இந்தோனேசியா செல்ல வேண்டும். எழுபதுகளில் கட்டிய அந்தப் பள்ளிகளில் படித்தவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்து, அப்பிள்ளைகளும் வளர்ந்துவிட்டனர். அந்த இரண்டாம் தலைமுறையைத் தேடிப்பிடித்து ஆராய்ந்திருக்கிறார்கள். பெற்றோருக்குப் பள்ளி கிடைத்த வீடுகளில் பிள்ளைகளின் உடல்நலமும் கல்வியும் மேம்பட்டிருந்தன. தந்தைக்குப் பள்ளி கிடைத்ததைவிடத் தாய்க்குக் கிடைத்ததன் விளைவே பொதுவாக வலிமையாக இருந்தது என்பது அதன் முடிவு. ஆக, பள்ளி கட்டி இருபது முப்பது ஆண்டுகள் கழித்து வரவு வருகிறது. அதுவும் வேறொருவர் கணக்கில் வருகிறது. முதலீட்டுக்கு வட்டியை மறுமாதமே எதிர்பார்ப்பவருக்கு இது கண்ணில் படாது.

இந்தோனேசியாவைப் பற்றிய மற்றொரு செய்தி நம் சமுதாயத்தைச் சற்று உறுத்தக்கூடியது. ஆயினும் சொல்லத்தான் வேண்டும். அத்தனை பள்ளிகள் கட்டியும், பெண் பிள்ளைகளின் படிப்பு எல்லா இனத்தாரிடமும் ஒன்றுபோல் கூடவில்லை. 2020இல் நான்கு ஆய்வாளர்கள் காட்டியது இது: மணமகன் வீட்டார் மணமகள் வீட்டாருக்குப் பெரும் பொருள் கொடுத்து மணமுடிக்கும் மரபுள்ள இனங்களில்தான் புதுப் பள்ளிகளால் பெண்களின் கல்வி உயர்ந்தது, அந்த மரபு இல்லாத இனங்களில் அவ்வாறு உயரவில்லை. காரணம் வெளிப்படை. அந்த இனங்களில் பெண் எவ்வளவு படித்திருக்கிறாளோ அவ்வளவு அதிகமாக அந்தத் தொகையும் இருக்கும். சுலாவெசித் தீவின் பூகிஸ் மக்களிடம் இவ்வழக்கத்தை இன்றும் காணலாம். இது நாம் அறிந்த மஹர் அன்று. மஹர் பெண்ணுக்கே உரியது, அவர்கள் கொடுப்பது பெண் வீட்டாருக்குச் செல்வது. மணமகனுக்கு அது சுமையாகிவிடும் தீங்கும் அங்கே இருக்கிறது. அந்த மரபை நான் பரிந்துரைக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். திருமணத்தில் பணம் எந்தத் திசையில் நடக்கிறது என்பது, பெண்ணின் படிப்பு வரவா செலவா என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

நம் சகோதரர், கல்லூரிக்கான பணத்தை மகளின் நிக்காஹ்வுக்குச் சேர்த்து வைப்பதாக எழுதுகிறார். மார்க்கப்படி நிக்காஹ்வில் கொடுக்க வேண்டியவன் மணமகன். பிறகு பெண்ணைப் பெற்றவர் எதற்காகச் சேர்க்கிறார்? விடை அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கைக்கூலி வாங்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரியும். படித்த பெண்ணுக்கு அதைவிடப் படித்த மாப்பிள்ளை வேண்டும், அவனுக்கு இன்னும் அதிகம் கொடுக்க வேண்டும் என்ற அச்சம் எத்தனையோ பிள்ளைகளின் படிப்பைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தியிருக்கிறது. கல்வியின் பயனை அளக்கும் எந்தத் தராசிலும் கைக்கூலி என்னும் கள்ள எடைக்கல் கிடந்தால் முள் நேராக நிற்காது. அளவையில் மோசம் செய்வோரைத் திருமறை எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை வணிகரான அவருக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

நிற்க. நாடுகளை ஒப்பிடும் அளவைகளைப் பற்றியும் சில வரிகள். 1990இல் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டம், மனித வளர்ச்சிக் குறியீடு என்ற ஒன்றை வெளியிட்டது. அதை உருவாக்கியவர் பாகிஸ்தானின் நிதியமைச்சராக இருந்த மஹ்பூபுல் ஹக். அதற்குத் துணைநின்றவர் நம் நாட்டின் அமர்த்தியா சென். நாட்டின் வருமானத்தை மட்டும் பார்க்காமல், ஆயுளையும் கல்வியையும் உடன்வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர்களின் நோக்கம். முதலாண்டில் கல்விக்கான அளவுகோல் எழுத்தறிவு மட்டுமே. எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதோடு முடிந்தது. அது போதாது என்று பின்னர் பள்ளி ஆண்டுகளைச் சேர்த்தனர். 2010 முதல் பெரியவர்கள் சராசரியாகக் கற்ற ஆண்டுகளும், இன்றைய பிள்ளைகள் கற்கக்கூடும் என்று எதிர்பார்க்கப்படும் ஆண்டுகளும் அளவுகோலாயின.

ஆனால் பள்ளியில் உட்கார்ந்த ஆண்டுகள் எல்லாம் கற்ற ஆண்டுகள் ஆகுமா? 2018இல் உலக வங்கி மனித மூலதனக் குறியீட்டை வெளியிட்டபோது இந்த வினாவைத்தான் மையமாக வைத்தது. 2020ஆம் ஆண்டின் கணக்கில் இந்தியக் குழந்தை பதினெட்டு வயதுக்குள் 11.1 ஆண்டுகள் பள்ளியில் இருக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. தேர்வுகளில் இந்திய மாணவர்களின் சராசரி 399. மிகச் சிறந்த நிலை என்று வைக்கப்பட்டது 625. 11.1ஐ அந்த விகிதத்தால் பெருக்கினால் 7.1 வருகிறது. அதாவது, நான்கு ஆண்டுகள் பள்ளிக் கட்டடத்துக்குள் இருந்தும் கல்லாமற் கழிந்தன. இந்தோனேசியாவுக்கும் இதே கதை: 12.4 ஆண்டுகள் பள்ளி, 7.8 ஆண்டுகள் கல்வி. அறுபதாயிரம் பள்ளிகளைக் கட்டிய நாடு, அவற்றுள் நடப்பதைச் சீர் செய்வதில் இன்னும் திணறுகிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே சான்று பெற்ற ஆசிரியர்களின் அடிப்படை ஊதியத்தை இருமடங்காக்கினார்கள். ஆசிரியர்கள் மகிழ்ந்தார்கள், ஆனால் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் மாணவர்களின் கல்வித் தரத்தில் ஏற்றம் எதுவும் தென்படவில்லை என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது.

2018இல் அக்குறியீட்டில் இந்தியா 157 நாடுகளில் 115ஆம் இடத்தைப் பெற்றபோது, இந்திய அரசு அதைப் பொருட்படுத்தப் போவதில்லை என்று அறிவித்தது. அரசின் குறைபாடுகளில் ஒன்று நமக்கு நெருக்கமானது. இந்தியாவின் கல்வித் தரத்துக்கு ஆதாரமாகக் கொண்டது, 'பீசா' என்னும் பன்னாட்டுத் தேர்வில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் மட்டும் கலந்துகொண்ட பழைய முடிவுகளை. அத்தேர்வில் நம் பதினைந்து வயதுப் பிள்ளைகள் பட்டியலின் அடிப்பகுதியில்தான் நின்றார்கள். இரண்டு மாநிலங்களைக் கொண்டு நாடு முழுவதையும் அளக்கலாமா என்று கேட்டது சரியே. ஆனால் எழுத்தறிவில் முன்னணியில் உள்ளோம் என்று மார்தட்டும் நாம், அந்த முடிவுகளை ஒருமுறையாவது வீட்டில் பேசியிருக்கிறோமா?

நம் சமுதாயத்துக்கும் இது பொருந்தும். 2006இல் வெளிவந்த சச்சார் குழுவின் அறிக்கை, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் நால்வரில் ஒருவர் பள்ளிக்கே சென்றதில்லை அல்லது இடையில் நின்றுவிட்டார் என்று வேதனையோடு குறிப்பிட்டது. முஸ்லிம் பிள்ளைகள் எல்லாரும் மதரஸாவில் முடங்கிவிட்டார்கள் என்ற பொதுக் கருத்தையும் அதே அறிக்கை உடைத்தது. முழுநேர மதரஸாவில் பயில்வோர் நூற்றுக்கு மூன்று பேரே என்றது. இன்னொருபுறம், 2001ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி, தமிழ்நாட்டு முஸ்லிம்களின் எழுத்தறிவு நூற்றுக்கு 82.9. மாநிலச் சராசரியான 73.5ஐவிட அது உயர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எழுத்தறிவு என்பது 1990இன் அளவுகோல் என்பதையும் மேலே சொன்னேன். கையெழுத்திடத் தெரிந்த காலத்தைக் கடந்து வந்துவிட்டோம்.

அரசுகள் அளக்கத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே, நம் வரலாற்றில் கல்விக்கு வெளிப்படையாக ஒரு விலை வைக்கப்பட்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஹிஜ்ரி 2இல் நடந்த பத்ருப் போரில் ஏறத்தாழ எழுபது பேர் சிறைப்பட்டனர். அவரவர் வசதிக்கேற்ப நான்காயிரம் திர்ஹம் வரை மீட்புத்தொகை பெறப்பட்டது. பொருள் இல்லாதவராய், எழுதப் படிக்கத் தெரிந்தவராய் இருந்தவர்களிடம், மதீனாவின் பிள்ளைகளில் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அன்று மதீனாவில் முஸ்லிம்களிடம் பணத் தட்டுப்பாடு எவ்வளவு என்பதை எண்ணிப் பாருங்கள். மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்கள் பலர். அந்நிலையிலும் பத்துப் பிள்ளைகளின் எழுத்தறிவு ஒரு மனிதனின் மீட்புத்தொகைக்கு ஈடாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்தப் பிள்ளைகள் நாளை என்ன வேலைக்குப் போவார்கள், எவ்வளவு ஈட்டுவார்கள் என்று எவரும் கேட்டதாகக் குறிப்பு இல்லை. வஹீயை எழுதியவரும் பின்னாளில் திருமறையைத் தொகுக்கும் பணியை ஏற்றவருமான ஜைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் அவ்வாறு எழுதக் கற்றவர்களுள் ஒருவர் என்ற குறிப்பும் அந்நூல்களில் காணப்படுகிறது. அந்தப் பத்தில் ஒரு பங்கின் வரவை எந்த உலக வங்கி கணக்கிடும்?

கடிதக்காரச் சகோதரருக்கு இனி என் பதில். உங்கள் தாளில் வரவுப் பக்கத்தை நிரப்பும் வரிகளில் இரண்டை மேலே தந்தேன். மகள் வேலைக்குச் செல்வதும் செல்லாததும் உங்கள் குடும்பம் பேசி முடிவு செய்ய வேண்டியது. அதை இக்கணக்கோடு முடிச்சுப்போட வேண்டியதில்லை. இளம் வயதில் கணவனை இழந்தோ, கைவிடப்பட்டோ, குழந்தைகளோடு தாய்வீட்டுத் திண்ணையில் வந்து உட்காரும் பெண்களை உங்கள் தெருவிலும் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பட்டம் பெற்றவளுக்கும் பெறாதவளுக்கும் உள்ள வேறுபாட்டை மூன்றாவது வரியாக நீங்களே எழுதிக்கொள்ளலாம். செலவுப் பக்கத்தில் ஒரு திருத்தம்: நிக்காஹ்வுக்கென ஒதுக்கிய தொகையில் விருந்துக்கு எவ்வளவு, கைக்கூலிக்கு எவ்வளவு என்று தனித்தனியே பிரித்து எழுதிப் பாருங்கள். அடித்துவிடக்கூடிய வரி எது என்பது தானே தெரியும்.

உங்கள் கடிதத்தில் கட்டணம் இருக்கிறது, பேருந்து இருக்கிறது, உடை இருக்கிறது. மகள் எந்தப் பாடம் படிக்க விரும்புகிறாள் என்பது மட்டும் ஓரிடத்திலும் இல்லை. அதை அவளிடமே கேட்டு, அவள் கைப்பட எழுதச் செய்து அனுப்புங்கள். பக்கத்தில் எந்தக் கல்லூரி, எந்த உதவித்தொகை என்பதை அடுத்த இதழில் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.